பெட்டிச் செய்தி

அப்பா பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படித்து நான் பார்த்ததில்லை. விரித்த கையோடு உள்பக்கத்துக்குப் போவார். கட்டம் கட்டிய நாலைந்து வரிகளை விரல் தேடும். மேட்டூர் அணை நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, திறப்பு. "நூத்தி மூணுல நிக்கிது" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எந்த மந்திரி எங்கே போனார், தங்கம் என்ன விலை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், கல்லணைக் கால்வாயின் வால் பகுதியில் இருக்கிறது. கால்வாயைப் புதாறு என்போம். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த ஆறு அது. வெண்ணாற்றுக்காரர்களுக்கும் குடமுருட்டிக்காரர்களுக்கும் காவிரி ஆயிரம் வருடத்துச் சொந்தம். எங்களுக்குத் தாத்தா காலத்து உறவு. அதற்கு முன் வானம் பார்த்த பூமி. வரகும் கேழ்வரகும் விளைந்த மண். இங்கே நெல் சோறு என்பதே அந்த அணையின் 120 அடிக்குள் அடங்கியது. பெட்டிச் செய்தியை அப்பா சாமி கும்பிடுவதுபோலப் படித்ததற்குக் காரணம் அதுதான்.

டீக்கடையில் ஒரே பத்திரிகை ஆறு தாளாகப் பிரிந்து ஆறு பேர் கையில் இருக்கும். ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு கருத்து. சத்தம் போடுவார்கள். ஆனால் அடிக்கணக்கை யாராவது படித்தால் எல்லாரும் நிறுத்திக் கேட்பார்கள். எனக்கும் அங்கேதான் கருத்துச் சொல்லும் பழக்கம் வந்தது. முப்பது வருடமாகக் காவிரியைப் பற்றிச் சத்தமாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சில் எவ்வளவு நான் பார்த்தது, எவ்வளவு தலைப்புச் செய்தி எனக்குள் போட்டுவிட்டுப் போனது என்று யோசிக்க ஆரம்பித்தது சமீபத்தில்தான்.

காவிரி வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் இங்குள்ள விவசாயிகளும் உண்டு. 1983-ல் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று மனுப் போட்டது. அந்த மனுவின் மேல்தான் 1990 மே மாதம் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜூன் மாதம் மன்றம் அமைந்தது. 1991-ல் கர்நாடகம் 205 டிஎம்சி விட வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு. அது அரசிதழில் வந்ததும் அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. அன்றோடு காவிரி என்ற சொல்லுக்குச் செய்தியில் ஒரே பொருள்தான்: சண்டை. வயலில் நின்றவர்கள் தொடங்கிய வழக்கு இரண்டு தலைநகரங்களுக்கு இடையிலான வழக்காகிவிட்டது.

2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்ததைத் தொலைக்காட்சி நாள் முழுக்கக் காட்டியது. அதே நெருப்பு, அதே புகை, திரும்பத் திரும்ப. அன்று டீக்கடையில் நான் பேசியதை இங்கே எழுத மனம் வரவில்லை. மண்டியாவில் என்னைப் போலவே ஒருவன் அணைக்கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பது அந்தப் பேச்சில் எங்கும் இல்லை. 2003-லேயே இரண்டு மாநில விவசாயிகளும் கூடி 'காவிரிக் குடும்பம்' என்ற குழுவை அமைத்திருந்தார்கள். கர்நாடகத்துக்காரர்கள் இங்கே வந்து காய்ந்த வயலைப் பார்த்தார்கள். இங்கிருந்து போனவர்கள் அங்குள்ள வயலைப் பார்த்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் ஜனகராஜன் அந்த முயற்சியில் முன்னின்றவர். குழுவால் உடன்படிக்கை எதையும் கொண்டுவர முடியவில்லை, உண்மை. ஆனாலும் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் இன்னொருத்தர் உட்கார்ந்து பேசினார்கள். காவிரிச் செய்தியைத் தேடித் தேடிப் படித்த எனக்கு அது தெரிந்ததே பத்து வருடம் கழித்து. எரிந்த பேருந்து அன்றைக்கே கூடத்துக்குள் வந்துவிட்டது.

2018 பிப்ரவரி 16-ம் தேதி தீர்ப்பையும் சொல்ல வேண்டும். 2007-ல் நடுவர் மன்றம் கர்நாடகம் தர வேண்டிய அளவு 192 டிஎம்சி என்றது. உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. அன்று இரவு விவாதங்களில் அந்த எண்ணைச் சொல்லாத ஆள் இல்லை. வெற்றியா தோல்வியா, யார் ஆட்சியில் கோட்டைவிட்டது என்று பன்னிரண்டு மணி வரை போனது. அது ஏன் குறைந்தது என்று நான் பார்த்த விவாதம் எதிலும் ஒருவர்கூட நின்று பேசவில்லை. பெங்களூரின் குடிநீர்த் தேவை ஒரு காரணம், அதற்கு 4.75. மீதி 10 டிஎம்சிக்குக் காரணம் எங்கள் காலடியில் இருக்கிறது. டெல்டாவில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் உண்டு, அதில் பத்தையாவது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் கருதியது. கும்பகோணம் பக்கம் போர் போட்டால் நல்ல தண்ணீர். கடலோரமாக வேதாரண்யம் போய்க் கை பம்பை அடித்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்பு. டெல்டா என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தண்ணீர் இருக்கிறது. நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். அதைக் கேட்கும் அளவுக்கு எங்களுக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. நாங்களும் கேட்டு வாங்கவில்லை.

பத்திரிகையின் பக்கப் பிரிவும் இப்படித்தான் கண்ணைக் கட்டுகிறது. 2010-ல் மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது அது வணிகப் பக்கத்துச் செய்தி. முதலீடு, எரிசக்தி என்ற சொற்களில் எழுதப்படுவது. எங்கள் ஊரில் வணிகப் பக்கத்தை வெல்ல மண்டிக்காரர் ஒருவர்தான் படிப்பார். விஷயத்தை ஊருக்கு ஊர் கொண்டுவந்தவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். இளங்காட்டில் பிறந்த மனிதர். பச்சைத் துண்டோடு கிராமம் கிராமமாக நடந்து, நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டினால்தான் அந்த வாயு வரும், இறைத்தால் இந்த வயல் என்னாகும் என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அந்த வேலையில் இருக்கும்போதே 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் பிச்சினிக்காட்டில் காலமானார். 2017-ல் நெடுவாசலில் மக்கள் எதிர்ப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அது மாவட்டப் பக்கம். அதே ஆண்டு ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, போலீஸ் தடியடி நடந்தபோது முதல் பக்கம். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது அரசியல் பக்கம். ஒரே வயலைப் பற்றிய நாலு செய்தி நாலு பக்கத்தில், பத்து வருட இடைவெளியில். இவற்றைக் கோத்துப் படித்தவர்கள் போராடினார்கள். கோக்கக் கற்றுக்கொடுத்தவர் நடந்து வந்த மனிதர்.

2023-ல் ஜூன் 12-ம் தேதி சொன்னபடி அணை திறந்தது. மழை பொய்த்தது, மேலிருந்து தண்ணீர் வரவில்லை, குறுவை கருகியது. அக்டோபரில் அணையை மூடினார்கள். 2024-ல் ஜூலை கடைசி வரை திறக்கவே இல்லை. இரண்டு வருடமும் காவிரி தலைப்புச் செய்தி. 2025-ல் அணை ஜூன் 12-ல் திறந்து, அந்த மாதமே நிரம்பியது. அப்பா பெட்டிச் செய்தியில் 120 என்று படித்துவிட்டுத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். குறுவை நன்றாக விளைந்தது. எனக்கு வாழ்நாளில் மறக்காத கசப்பு அந்த நல்ல வருடத்தில்தான் நேர்ந்தது.

பெல்ட் மிசின் வைத்து அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டினோம். சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 என்று அறிவித்திருந்தார்கள், நல்ல விலை. ஆனால் சாக்கு இல்லை, பிடித்த மூட்டையை ஏற்ற லாரி இல்லை, வைக்க இடம் இல்லை. பதினோரு நாள் காத்திருந்தோம். நாலாம் நாள் மழை பிடித்தது. படுதாவைத் தூக்கினால் ஆவி அடித்தது. உள்ளே கையை விட்டால் சூடு. எட்டாம் நாள் அடிநெல் முளைவிட்டிருந்தது, வெள்ளை வெள்ளையாக. அப்பா ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல் 'டக்' என்று உடையும். அது சத்தமே போடவில்லை.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்பது விதி. விதியில் நியாயம் இருக்கிறது. ஈர நெல் பூசணம் பிடிக்கும், ஆலையில் நொறுங்கும், அந்த அரிசிதான் ரேஷன் கடைக்குப் போகிறது. 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்தது. முன்பும் சில ஆண்டுகள் 19, 20 என்று தளர்த்தியிருக்கிறார்கள். என் கேள்வி வேறு. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதத்தில் வருவது நேற்று தெரிந்த சங்கதியா? ஜூனில் தண்ணீர் திறந்தால் ஐப்பசியில் நெல் வரும். ஐப்பசியில் மழை வரும். வருடா வருடம் வருவதைத் திடீர் இடர்போல எழுதுகிறோம், திடீர் இடர்போலக் கையாள்கிறோம். உலர்த்தும் இயந்திரமும் கூரைபோட்ட களமும் ஊருக்கு ஊர் வேண்டும் என்று யாராவது சித்திரையில் எழுதினால் அதை வெளியிட ஆள் வேண்டும். தண்ணீர் வராத வருடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் கை நீட்டினோம். தண்ணீர் நிறைந்த வருடத்தில் அழிந்த நெல்லுக்கு எந்தக் கர்நாடகத்தைச் சொல்வது?

அந்த எட்டாம் நாள்தான் ஒரு நிருபர் தம்பி வந்தார். ஈர மழைக்கோட்டு, தோளில் சின்னக் கேமரா. "ஐயா, முளைச்ச நெல்லை ரெண்டு கையாலயும் அள்ளிக் காட்டுங்க" என்றார். அப்பா அள்ளினார். "இன்னும் கொஞ்சம் மேல, முகத்துக்கு நேரா." தூக்கினார். இரவுச் செய்தியில் அது ஆறேழு நொடி வந்தது. பிறகு இரண்டு கட்சிக்காரர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். மத்திய அரசு, மாநில அரசு. அப்பா எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தபோது சொன்னார்: "சம்பளம்லாம் கிடையாதுண்ணே. செய்தி ஓடுனா ஒரு செய்திக்கு இவ்வளவுன்னு. நெல்லு முளைச்சா ஓடும், பஸ்ஸு கவுந்தா ஓடும். நீங்க சொல்ற களமும் ட்ரையரும் ஓடாதுண்ணே." பெட்ரோல் அவர் காசு. திருத்துறைப்பூண்டியிலிருந்து மழையில் வந்திருக்கிறார். செய்தியின் கடைமடையில் நிற்பவர் அவர். மேலே திறந்துவிடுவது அவர்வரை வந்து சேர்வதில்லை.

அப்பாவிடம் ஒரு குயர் நோட்டு உண்டு. ஒவ்வொரு வருடமும் இரண்டு தேதி எழுதுவார். மேட்டூர் திறந்த தேதி ஒன்று. எங்கள் வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் நுழைந்த தேதி இன்னொன்று. முதல் தேதியில் பூத்தூவிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். மூன்று நாளில் கல்லணை. அங்கேயும் பூ, அங்கேயும் படம். அதோடு கேமரா திரும்பிவிடும். இரண்டாவது தேதி இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் சில வருடம் பதினெட்டு நாள், சில வருடம் இருபத்தைந்து, ஒரு வருடம் நாற்பது. தூர் வாரினார்களா, மதகுப் பலகை சரியாக இருந்ததா, மேல்மடைக்காரர் விட்டாரா என்பதெல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. காவிரி அரசியல் என்று நான் இனிமேல் பேசினால் அந்த நாட்களைத்தான் பேசுவேன்.

நோட்டை அந்தத் தம்பியிடம் காட்டினேன். நின்றுகொண்டே புரட்டியவர் பிறகு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடத்துத் தேதிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "அடுத்த வருசம் தண்ணி வர்ற அன்னிக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணே" என்று நம்பர் கொடுத்தார்.

இந்த வருடம் தண்ணீர் ராத்திரி வந்தது. பதினோரு மணி இருக்கும். அப்பா டார்ச்சோடு மதகில் குந்தியிருந்தார். முதலில் சத்தம்தான், சருகு நகரும் சத்தம். பிறகு ஒரு பாம்பு முன்னால் ஓட, அதன் பின்னால் நுரையும் குப்பையுமாகத் தண்ணீர். போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர், "வந்துருச்சாண்ணே?" என்றார். "படம் அனுப்புங்க, போட்டுப் பாக்குறேன்."

எடுத்தேன். முழு இருட்டு. நடுவில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு கைப்பிடி நுரை, ஓரத்தில் அப்பாவின் கால். அதையே அனுப்பினேன், தேதியையும் எழுதி.