குறையுள்ள வண்டியும் குறையை மறைக்கும் மனமும்

 

மத்ரஸாவில் கொடுக்கல் வாங்கல் சட்டங்களைப் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறேன். விற்கும்போதே ஒரு பொருளில் இருந்த குறை பின்னர் தெரியவந்தால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். இந்த உரிமைக்கு 'கியாருல் அய்ப்' என்று பெயர். ஆட்டையும் மாட்டையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி மாணவர்களுக்கு விளக்குவேன். அந்தப் பாடம் ஒரு நாள் என் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

வட்டிக் கடன் வேண்டாம் என்பதற்காக மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, முழுத்தொகையையும் ரொக்கமாகச் செலுத்திப் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இரண்டாம் வாரமே, மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்லும்போது என்ஜின் சட்டென்று நின்றுபோனது. பின்னால் வந்த பேருந்து மயிரிழையில் விலகிச் சென்றது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினோம்.

விற்பனை நிலையத்துக்கு மூன்று முறை சென்றேன். "புது வண்டி ஹஜ்ரத், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றே ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். நானும் பொறுமை என்ற பெயரில் வாய்மூடித் திரும்பினேன். உண்மையில் அது பொறுமை அன்று; கூச்சம். நான்கு பேர் முன்னிலையில் ஓர் ஆலிம் பணத்துக்காக வாதிடுவதா என்ற வெட்கம்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டார். வெளியூர் வேலைக்குப் போய்வர அவருக்கு வண்டி தேவைப்பட்டது. பார்வைக்குப் புத்தம்புதிய வண்டி. நல்ல விலையும் சொன்னார். எனக்குத் தெரிந்த மெக்கானிக், "ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுங்கள்" என்றார். அன்றிரவு என் மனம் அதற்கு இணங்கியே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. என்னை ஒருவர் ஏமாற்றினார், நான் இன்னொருவரிடம் நஷ்டத்தைத் தள்ளிவிடுகிறேன் என்று நியாயமும் கற்பித்துக்கொண்டேன்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஈரம் தானாக வந்தது; அதை அடியில் மறைத்ததே குற்றம். விற்பனை நிலையம் செய்ததாக நான் குமுறிய அதே செயலை நானும் செய்யவிருந்தேன். மறுநாள் அந்த இளைஞரை அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. மனம் இலேசானது.

பிறகே என் உரிமையைத் தேடினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையை நீக்கவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதிடலாம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். காலவரம்பு இரண்டாண்டுகள். அதற்கு முன்படியாக, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே முறையிடலாம்.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு முறையும் குறையை வாயால் மட்டும் சொன்னேன். சர்வீஸ் அட்டையில் 'பொதுப் பராமரிப்பு' என்று எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாம் முறைதான் 'ஓட்டத்தில் என்ஜின் நின்றுவிடுகிறது' என்று எழுதச் செய்து நகல் வாங்கினேன். அந்த ஒரு தாளே பின்னர் எனக்குச் சாட்சியானது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்த நான், அதை ஓதிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன்!

நகலை இணைத்து விற்பனை நிலையத்துக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். 1915-லும் முறையீடு பதிந்தேன். சில வாரங்களில் தயாரிப்பாளர் தரப்புப் பொறியாளர் வந்து ஆராய்ந்து, எரிபொருள் பம்பை மாற்றிக் கொடுத்தார். ஆணையத்துக்குப் போகத் தேவை ஏற்படவில்லை. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது.

மடியில் பாலைத் தேக்கி விற்கப்பட்ட ஆட்டை வாங்கியவர், கறந்து பார்த்தபின் திருப்பிக் கொடுக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆனால் அதனுடன் ஒரு ஸாவு பேரீச்சம்பழமும் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கியவருக்கு உரிமை உண்டு. விற்றவருக்கும் அநீதி கூடாது. நாமும் குறையை மிகைப்படுத்தாமல், உள்ளதை உள்ளபடி சொல்லி உரிமையைக் கேட்க வேண்டும். குறை தெரிந்தபின் தாமதியாமல் கேட்கவும் வேண்டும். தெரிந்தும் தொடர்ந்து பயன்படுத்துவது அதற்கு இசைந்ததாகக் கருதப்படும் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் எச்சரிக்கின்றன.

உரிமையைக் கேட்பதில் வெட்கமும், குறையை மறைப்பதில் துணிவும் கொண்ட மனத்தை விட்டு வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.