கயிறு லேசா வந்தா சந்தோஷப்படாதீங்க

ஐப்பசி மழை ரெண்டு பெஞ்சதும் தென்னந்தோப்புல புல்லு முழங்கால் உசரம் வந்துருச்சுங்க. முன்னெல்லாம் நாலு பேரைக் கூப்பிட்டா ரெண்டு நாள்ல செதுக்கிப் போட்டுட்டுப் போவாங்க. இப்போ காலையில எட்டு மணிக்குள்ள பனியன் கம்பெனி வேன் வந்து எல்லாரையும் ஏத்திட்டுப் போயிடுது. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அங்கே வாராவாரம் சம்பளம், வெயிலும் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே ஆள், புல்லு வெட்டற மிஷின்தான்.

அதுவும் போன வாரம் படுத்துருச்சு. கயிறு மட்டும் லேசா வருது, ஸ்டார்ட் ஆகலை. கட்டில்ல இருந்தபடியே அப்பா கேட்டார்: "கயிறு கனமில்லாம வருதா சாமி? கம்ப்ரஷன் போச்சு. சைலன்சர்கிட்ட காதை வெச்சு மெதுவா இழுத்துப் பாரு."

உஸ்ஸுன்னு காத்து போற சத்தம். எக்ஸாஸ்ட் வால்வு!

கடையில "புதுசு வாங்கிருங்க"ன்னாங்க. அந்தக் காசுக்கு எங்கே போறது? கிணத்து மேட்டுல ஆயில் இன்ஜினைக் கையால சுத்தி ஓட்டினவர் அப்பா. இப்போ கை நடுங்குது. அவர் சொல்லச் சொல்ல நான் பிரிச்சேன்.

எக்ஸாஸ்ட் வால்வோட விளிம்பு ஒரு இடத்துல எலி கடிச்ச மாதிரி எரிஞ்சிருந்தது. காரணம் என் சோம்பேறித்தனம்தான். ஓட ஓட சீட்டு தேய்ஞ்சு வால்வு உள்ளே இறங்கும். டேப்பெட் இடைவெளி குறையும். சூட்டுல வால்வு முழுசா மூடாம நிக்க, அந்தச் சந்துல நெருப்பு புகுந்து விளிம்பைத் தின்னுடும். எரிஞ்ச வால்வைத் தேய்ச்சுப் பிரயோஜனமில்லை. அதை மட்டும் புதுசு வாங்கினேன். இன்லெட் வால்வு தேறிடுச்சு.

ரெண்டையும் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, மோர் கடையற மாதிரி முன்னும் பின்னும் உருட்டினேன். சுத்திலும் அறுபடாத சாம்பல் கலர் வளையம் விழணும். அப்புறம் பேஸ்டை ஒரு பொட்டு இல்லாம கழுவணும். மிச்சம் இருந்தா சிலிண்டரையே அரைச்சிடும். போர்ட்ல பெட்ரோல் ஊத்திப் பார்த்தேன், சொட்டலை. புது கேஸ்கெட் போட்டு, மிஷின் புத்தகத்துல சொன்னபடி இன்லெட்டுக்கு 0.15, எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வெச்சேன்.

மூணாவது இழுப்புல ஓடுச்சு. நிறுத்தச் சொல்லிட்டு, அப்பா மெதுவா எந்திரிச்சு வந்து கயித்தைப் பிடிச்சார். பாதிக்கு மேல இழுக்க முடியலை.

"ம், இப்பத்தான் கனக்குது"ன்னார்.

இனி வருஷத்துக்கு ஒருக்கா டேப்பெட் பார்க்கறதுன்னு முடிவு பண்ணிட்டேங்க.