காதால பார்த்த ரேஸ்!

பிரிஸ்டல் ஊர்ல ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டேட் ஸ்ட்ரீட்னு ஒரு கடைத்தெரு. ரோட்டோட நடுக்கோடுதான் மாநில எல்லை! இந்தப் பக்கம் நின்னா டென்னஸி, எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. ஆளுக்கொரு மாநிலத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, நானும் ரூம்மேட்டும் ரேஸ் மைதானத்துக்குக் கிளம்பினோம். செப்டம்பர் சனிக்கிழமை ராத்திரி, நாஸ்கார் 500 லேப் ரேஸ். இந்த டிக்கெட்டுக்காக ரெண்டு மாசம் பீட்சாவைத் தியாகம் பண்ணியிருந்தோம் பாஸ்!

“ஸ்கேனர் இல்லாம போகாதீங்க, ஒண்ணும் புரியாது” என்று காலேஜ் சீனியர் எச்சரித்திருந்தார். ஸ்கேனர்னா, வாக்கி-டாக்கி சைஸில் ஒரு ரேடியோ. கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. நாஸ்காரில் டிரைவரும் டீமும் பேசிக்கிறது பூட்டுப் போடாத சாதாரண அனலாக் அலைவரிசையில். கேலரியில் இருக்கிற யார் வேணும்னாலும் ஒட்டுக்கேட்கலாம். ஃபார்முலா 1-ல் இந்தப் பருப்பு வேகாது. அங்கே எல்லாம் ரகசியக் குறியீடு. டி.வி.யில் எதைப் போடறாங்களோ அதுதான் நமக்கு.

நம்மாளு அவசரப்பட்டு போலீஸ், தீயணைப்பு எல்லாம் கேட்கிற டிஜிட்டல் ஸ்கேனர் ஒண்ணை வாங்கிட்டான். விலை எங்க ஒரு மாச வாடகையைவிட ஜாஸ்தி. அதுல நம்பர்களை ஏத்தவே லேப்டாப் வேணும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏத்தினான். கேலரியில் ஆன் பண்ணினா வெறும் ‘ஸ்ஸ்ஸ்’. அவன் ஏத்தினது ஏதோ பழைய பட்டியல்! மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாடகை கவுன்ட்டருக்குப் போனோம். அந்த வாரத்துப் பட்டியலை ஏத்தி, கார் நம்பரைத் தட்டினா போதும்கிற மாதிரி, ஹெட்செட்டோட கையில கொடுத்தாங்க.

அந்த ஹெட்செட்டைப் பத்தித் தனியா சொல்லணும். பிரிஸ்டல் டிராக் ஒரு பெரிய கிண்ணம். சுற்றளவு சுமார் 850 மீட்டர்தான். கான்கிரீட் ரோடு, வளைவுல செங்குத்தா ஒரு சரிவு. கார்கள் 15, 16 செகண்டுல ஒரு சுத்து முடிச்சிடும். எழுபது எண்பது கார்னு நினைக்காதீங்க, நாற்பதுக்குள்ளதான்... ஆனா சத்தம் வெளியே போக வழியே இல்லை! நெஞ்செலும்பு அதிருது. சாதாரண வாக்மேன் இயர்போனை மாட்டினா, சத்தத்தை ஜெயிக்க வால்யூமை ஏத்தி ஏத்தி, காது ஒரே ராத்திரியில காலி. அதனால காசு பத்தலைன்னா ஸ்கேனர்ல மிச்சம் பிடிங்க, காதை முழுசா மூடுற ஹெட்செட்ல மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

முதல் அரை மணி நேரம் எல்லாக் காரையும் ஸ்கேன்ல விட்டோம். அது தாவித் தாவி ஆளுக்கு அரை வாக்கியம்... சந்தைக்கடைதான்! அப்புறம் நடுவரிசையில ஓடிக்கிட்டிருந்த ஒரே காரில் நிறுத்தினேன். அப்பதான் ரேஸே ஆரம்பமாச்சு. “உள்ளே ஒருத்தன்... இன்னும் உள்ளே... விட்டாச்சு!” கூரை மேல நிக்கிற ஸ்பாட்டரின் குரல். 2001-க்கு அப்புறம் நாஸ்காரில் கழுத்துப் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். தலையைத் திருப்பிப் பக்கத்துல யாருன்னு பார்க்கிறது டிரைவருக்குக் குதிரைக்கொம்பு. 500 சுத்துக்கும் அந்தக் கூரைக் குரல்தான் அவருக்குக் கண்ணு.

அந்தக் குரல் எப்பவும் யோக்கியமா இருக்கும்னும் சொல்ல முடியாது. 2013 செப்டம்பர், ரிச்மண்ட் ரேஸ். கடைசிச் சுத்துகளில் பிரையன் விக்கர்ஸை, பிட்டுக்குள்ளே வான்னு ரேடியோவில் கூப்பிட்டார் டீம் மேனேஜர் டை நாரிஸ். பச்சைக்கொடிதானே இருக்கு, எதுக்குன்னு விக்கர்ஸே குழம்பிப் போய்க் கேட்டார். அதே டீமின் மார்ட்டின் ட்ரூயெக்ஸை சாம்பியன்ஷிப் சுற்றுக்குள்ளே தள்ளிவிடத்தான் இந்த வேலை என்று, அந்த ரேடியோ பேச்சை வெச்சே நாஸ்கார் முடிவு கட்டியது. மைக்கேல் வால்ட்ரிப் ரேசிங் டீமுக்கு 3 லட்சம் டாலர் அபராதம். ட்ரூயெக்ஸுக்குக் கிடைச்ச இடமும் பறிபோச்சு.

சரி, சொந்தமா வாங்கணும்னா? யூனிடன் பிசி125ஏடி மாதிரி சாதாரண அனலாக் ஸ்கேனரே தாராளம். 500 சேனல், ஒவ்வொண்ணுக்கும் பேர் போட்டுக்கலாம், ரெண்டு ஏஏ பேட்டரி. கடைக்காரர் ‘டிஜிட்டல், ட்ரங்கிங்’னு ஆரம்பிச்சா கும்பிடு போட்டு நகருங்க. வருஷத்துக்கு ஒரு ரேஸ்தான்னா அதுவும் வேண்டாம், வாடகையே போதும்.

ரேஸ் முடிஞ்சு வாணவேடிக்கை விட்டுக்கிட்டிருந்தாங்க. ஜெயிச்ச டீமை எல்லாரும் கேட்டிருப்பாங்க. நான் நம்ம காரை விட்டு நகரலை. பத்தொன்பதாவதா வந்த டிரைவர், “சாரி பசங்களா” என்றார். கொஞ்ச நேரம் அமைதி. “நான் கூரையிலேருந்து இறங்கறேன்” என்றார் ஸ்பாட்டர். அப்புறம் ‘ஸ்ஸ்ஸ்’தான். பக்கத்துல நம்மாளு தன்னோட டிஜிட்டலை இன்னும் திருகிக்கிட்டிருந்தான்.