‘அழிக்க வேண்டாம்’

அக்கா மகள் இந்த ஜூனில் டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் ராத்திரியே போன். “சித்தி, கிளாஸை எப்படி அடக்குறது?”

பெயர்களைச் சீக்கிரம் மனப்பாடம் பண்ணு, சத்தம் போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்காதே, அவ்வப்போது கடைசி பெஞ்ச் பக்கம் போய் நின்று பாடம் நடத்து என்றேன். இதெல்லாம் யாரும் சொல்வதுதான். சொல்லத் தயங்கிய விஷயம் ஒன்று உண்டு.

என் முதல் வருடம், ஆறாம் வகுப்பு. ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். நோட்டு மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். நல்ல பிள்ளை என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அவன் நோட்டைத் திருத்தும்போது, பாடத்துக்கு நடுவில் ‘அழிக்க வேண்டாம்’ என்றிருந்தது. போர்டு ஓரத்தில் வேறொரு டீச்சர் எழுதி வைத்தது! நான் சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை.

அவன் எழுதவில்லை, எழுத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான் என்று அப்புறம்தான் உறைத்தது. அடிப்பது மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதும் கூடாது என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. பி.எட் படிக்கும்போது படித்ததுதான். என் சிரிப்பும் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசி அழைத்து வந்தேன். தினமும் சத்துணவு முடிந்ததும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். ‘படம்’, ‘மரம்’ எல்லாம் வந்தது. ‘தேர்’ வந்தால் நின்றுவிடுவான். இடறல் கொம்பில்தான். எழுதும்போது முன்னால் நிற்கும் கொம்பு, உச்சரிக்கும்போது பின்னால் போகிறதே! ‘த’வை ஒரு அட்டையிலும் இரட்டைக் கொம்பை இன்னொன்றிலும் எழுதி, சேர்த்து வைத்துச் சொல்லச் சொன்னேன். அப்புறம் ‘கே’, ‘வே’. ஒற்றைக் கொம்புக்கு வர ஒரு மாதம். ‘கொ’, ‘கோ’வுக்கு இன்னும் அதிகம். வருடக் கடைசியிலும் மெதுவாகத்தான் வாசித்தான். ஆனால் வாசித்தான்.

“முதல் வேலையா ஒவ்வொரு பிள்ளையையும் தனியா கூப்பிட்டு இரண்டு வரி வாசிக்கச் சொல்லு. மத்தவங்க காதில் விழக் கூடாது. எந்த எழுத்துல நிக்குதுன்னு குறிச்சு வை” என்றேன்.

“42 பேர் சித்தி!”

“நாளைக்கு அஞ்சு பேர்.”

“ரெண்டு வாரம் ஆயிடுமே. போர்ஷன்?”

“ஆகட்டும். எனக்கு மூணு மாசம் ஆச்சு.”