அமானிதமாக வந்த வெள்ளையன்

நம் வீடுகளில் பொதுவாக நாய் வளர்ப்பதில்லை. வேட்டை, கால்நடைக் காவல், விளைநிலக் காவல் ஆகிய தேவைகளுக்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. தேவையின்றி வளர்ப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் நாயை வளர்க்காத காரணத்தால் அதன் பசியையும் நோயையும் நாம் அறியாமலே இருந்துவிடுகிறோம். அண்டை வீட்டார் மருத்துவமனைக்கோ வெளியூருக்கோ போக நேர்ந்து, "நாலு நாளைக்கு இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கயிற்றை நம் கையில் தந்தால் என்ன செய்வது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அப்படித்தான் தெரிய வந்தது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. எங்கள் தெரு அந்தக் குறைவானவற்றுள் ஒன்று. ஊரின் மறுகோடியில் தறி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரோடு, வாப்பா நூல் வியாபாரம் செய்த காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். வாப்பா மவுத்தான அன்று கபுருஸ்தான் வரை நடந்து வந்தவர். ஒவ்வொரு பெருநாளுக்கும் தவறாமல் எங்கள் வீட்டில் உண்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவருக்கு நெஞ்சு வலி. இங்கே முதலுதவி செய்து, அன்றிரவே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியும் உடன் சென்றுவிட்டார். பிள்ளைகள் இருவரும் வடநாட்டில். இரவு பத்து மணிக்குத் தறிப் பையன் ஒருவன் எங்கள் வாசலில் நின்றான். ஒரு கையில் அலுமினியத் தட்டு, மறு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் வெள்ளையன்.

வெள்ளையன் இராஜபாளையம் நாய். எங்கள் ஊருக்கு வடக்கே, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் அந்த ஊரின் பெயரையே தாங்கிய இனம். பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது, இதுவும் அவற்றுள் ஒன்று. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டு வந்த இனம் இது. வீட்டிலே பத்துப் பேர் இருந்தாலும் ஒருவரையே எஜமானராக ஏற்கும் என்று இதை வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அந்தக் குணம்தான் எங்களைச் சோதித்தது.

வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்து, கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழ் சாக்கு விரித்தோம். புதன்கிழமை காலை சோறு வைத்தோம். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் எலும்புச் சாறு ஊற்றிப் பிசைந்து வைத்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரவும் அப்படியே. தண்ணீர் மட்டும் இரண்டு முறை குடித்தது. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, வந்த வழியாகிய கொல்லைக் கதவையே பார்த்தபடி படுத்திருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆலோசனைகள் வரத் தொடங்கின. பாலை வாயில் ஊற்று என்றார் ஒருவர். பிரியாணி வை, எந்த நாய் வேண்டாமென்று சொல்லும் என்றார் இன்னொருவர். பிரியாணிக்குப் பெயர் போன ஊரில் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். நாம் பிரியத்தோடு வைக்கும் தட்டே அதற்கு நஞ்சாகிவிடும். உறவினர் ஒருவர் வேறு கவலையோடு வந்தார். நாய் இருக்கும் வீட்டில் எப்படித் தொழுவீர்கள் என்றார். கொல்லைக்குத் தனிச் செருப்பும், அங்கே போகத் தனி உடுப்பும் வைத்திருப்பதைக் காட்டினேன். அவர் சமாதானமாகவில்லை. பேணுதலை நான் மதிக்கிறேன். ஆனால் பேணுதலின் பெயரால் தெருநாய் மீது கல்லெறியும் பிள்ளைகளைக் கண்டும் வாய் திறவாமல் போகும் பெரியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாப்பா வழியில் நாங்கள் ஹனஃபிகள். உம்மா காயல்பட்டினத்துக்காரர், ஷாஃபி. ஹனஃபி மத்ஹபில் நாயின் எச்சில் அசுத்தம். ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதுமே கடும் அசுத்தம். ஈரத்தோடு அது பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். வெள்ளையன் வந்த அன்றிரவே உம்மா ஒரு டப்பாவில் சுத்தமான கரிசல் மண்ணை நிரப்பிக் கொல்லைக் குழாயடியில் வைத்துவிட்டார். அவ்வளவு பேணுதல் உள்ளவர்தாம், வீட்டிலே எல்லோரையும்விட அதிகமாக அதன் வயிற்றை நினைத்துக் கவலைப்பட்டவரும். "நஜீஸ் வேற, பசி வேற" என்றார். அந்த உறவினருக்கு நான் சொல்லத் தெரியாமல் தவித்த பதில் அது.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தண்ணீர் புகட்டிய மனிதரைப் பற்றிய நபிமொழியை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பது. அந்த மனிதர் கிணற்றில் இறங்கித் தம் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்தார். கைகள் இரண்டும் ஏறுவதற்குத் தேவைப்பட்டன அல்லவா. காலில் அணிந்திருந்ததைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு கிணற்றுச் சுவரில் ஏறுவதை எண்ணிப் பாருங்கள். அந்தச் சிரமத்தை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு அவரை மன்னித்தான். விலங்குகளுக்கு உதவினாலும் கூலி உண்டா என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, உயிருள்ள எதற்கு உதவினாலும் உண்டு என்பதே பதிலாக வந்தது.

அன்று காலையே வெள்ளையனை ஆட்டோவில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் முதலில் ஈறுகளை விரலால் அழுத்தி, நிறம் உடனே திரும்புகிறதா என்று பார்த்தார். கழுத்துத் தோலை இழுத்து விட்டார். அது மெதுவாகத் திரும்பினால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருளாம். வெப்பமானி வைத்தார். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடு. நம் கைக்குக் காய்ச்சல் போலத் தோன்றுவது அதற்குக் காய்ச்சல் ஆகாது. காதுகளையும் விரலிடுக்குகளையும் பிரித்து உண்ணி தேடினார். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கத்தில் அதிகம். பசியின்மைதான் அதன் முதல் அடையாளமாகப் பெரும்பாலும் வரும். பிறகு ஈறு வெளுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம் கசியும். வெள்ளையனிடம் அவை எதுவும் இல்லை.

"இது நோயில்லை, ஏக்கம்" என்றார் மருத்துவர். தாயைப் பிரிந்த குழந்தைக்கு நாம் சொல்லும் அதே சொல். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால், ஓரிரு நாள் உண்ணாமலிருப்பதைத் தாங்கும் என்றார். தண்ணீரையும் மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. குட்டிகளுக்கும் கிழ நாய்களுக்கும் இந்தத் தவணை பொருந்தாது. நமக்குத் தரும் காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுத்துவிடக் கூடாது. வாயைப் பிளந்து ஊட்டக் கூடாது. அப்படி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் போகலாம், தட்டைக் கண்டாலே அஞ்சும் வழக்கமும் வந்துவிடும். கால் மணி நேரம் தட்டை வைத்துவிட்டு விலகிப் போங்கள், உண்ணாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள், சுற்றி நின்று பார்க்காதீர்கள் என்றார். எங்கள் வீட்டில் அதுவரை ஒவ்வொரு வேளையும் ஐந்து பேர் சுற்றி நின்று கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலைக்குள் உண்ணாவிட்டால் மறுபடி கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை ஒன்றைக் கவனித்தேன். என் மகள் கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் கல்தரையில் விழுந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். முதுகைக் காட்டிப் படுத்திருந்த வெள்ளையனின் காது அசையவில்லை. சற்று நேரம் கழித்து, அதன் பின்புறமாக நடந்து போனேன். என் நிழல் விழுந்ததும் துள்ளி எழுந்து நடுங்கியது. இராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிடு அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெள்ளை நிறத்தோடு ஒட்டி வரும் குறை அது. இரண்டு நாளாக நாங்கள் அழைத்த அழைப்பு எதுவும் அதற்குக் கேட்கவேயில்லை. அறியாத மனிதர்கள் அறியாத திசைகளிலிருந்து திடீர் திடீரென்று தோன்றிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை உம்மா வழக்கம்போல் அல்கஹ்ஃபு சூரா ஓதினார். கொல்லை நிலைப்படிக்கு உள்ளே அவர். வெளியே, முன்னங்கால்களை நீட்டிப் போட்டபடி வெள்ளையன். குகைவாசிகளோடு போன நாயும் வாசலில் அப்படித்தான் கால்களை நீட்டிக் கிடந்ததாகக் குர்ஆன் சொல்கிறது. அவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கம் செய்ததைச் சொல்லும் இடத்திலும் ஒவ்வொரு கணக்கிலும் நாய் சேர்ந்தே வருகிறது. உம்மா அந்த இடம் வந்ததும் ஓதுவதை ஒரு கணம் நிறுத்தி வெளியே பார்த்தார். பிறகு தொடர்ந்தார்.

ஜும்ஆ முடிந்து வந்தபோது கைப்பேசி ஒலித்தது. மதுரையிலிருந்து அண்ணாச்சியின் மனைவி. வியாழக்கிழமை பைபாஸ் அறுவை முடிந்திருந்தது. கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் அவர் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று, "வெள்ளையன் சாப்பிட்டானா?" என்பதாம். அதைத்தான் அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிடுவது எளிது. நோயாளியின் மனம் நோகாமல் பேச வேண்டும் என்று மார்க்கமே கற்றுத் தருகிறது. கூடவே பொய்யையும் தடுக்கிறது. அமானிதமாக வந்த ஒன்றைப் பற்றி, அதன் உரியவரிடம் உள்ளதை மறைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்: "இன்னும் சாப்பிடலை அக்கா. தண்ணி குடிக்கான். டாக்டர்ட்ட காட்டியாச்சு, காய்ச்சல் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. அண்ணாச்சி எப்படிச் சோறு வைப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் அழவில்லை. வரிசையாகச் சொன்னார். வெள்ளையனுக்குச் சோறு வழக்கமில்லை, கேப்பைக் களியில் தயிர் விட வேண்டும். பகலில் உண்ணவே மாட்டான். இரவு தறி ஓட்டம் நின்ற பிறகுதான். காது கேளாத பிராணிக்குத் தறி நின்றது எப்படித் தெரியும் என்றேன். தரை அதிர்வது நின்றுவிடுமே என்றார். அதன் பிறகு அண்ணாச்சி தட்டை வைத்துவிட்டு, குதிகாலால் தரையில் இரண்டு முறை ஓங்கி மிதிப்பார். அதுதான் அழைப்பு. பிறந்ததிலிருந்து அதிரும் தரையில் வளர்ந்த உயிர். எங்கள் வீட்டுத் தரை மூன்று நாளாக அசையாமல் கிடந்தது. அதற்குப் பொழுது விடிவதும் அடைவதும் எப்படிப் புரிந்திருக்கும்!

தறிப் பையனிடம் சொல்லி, அண்ணாச்சி கடைசியாக உடுத்திய சாரத்தைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவரச் செய்தோம். சாக்கின் மேல் அதை விரித்ததும் வெள்ளையன் மூக்கைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் எழவேயில்லை. உம்மா களி கிண்டினார். சற்றுச் சூடாக இருந்தால் மணம் எழும் என்பதால், வெதுவெதுப்பாக ஆறியதும் தயிர் விட்டார். இஷா தொழுதுவிட்டு வந்து, அது பார்க்கும்படி எதிர்ப்பக்கமாகவே நடந்து போய், அதன் அலுமினியத் தட்டிலேயே வைத்தேன். குதிகாலால் இரண்டு முறை மிதித்தேன். பிறகு திரும்பிப் பாராமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தவர் உம்மா. நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தட்டு கல்லில் உரசும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பாதிதான் உண்டது. அந்தப் பாதியை அன்றிரவே மதுரைக்குத் தொலைபேசியில் சொன்னோம். மறுநாள் முக்கால் தட்டு. திங்கட்கிழமை முழுத் தட்டு. வால் மட்டும் இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் நிமிர்ந்தது.

இரண்டாம் வாரக் கடைசியில் அண்ணாச்சி வீடு திரும்பினார். நானும் உம்மாவும் வெள்ளையனை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டோம். தெரு முனையிலேயே அதன் உடல் முறுக்கேறியது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கயிற்றை விட்டதும் நேரே உள்ளே போய், கட்டிலுக்குக் கீழே அவர் கால்மாட்டில் படுத்துக்கொண்டது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. மேலே தாவிவிடுமோ என்று பயந்திருந்தோம். தாவவில்லை.

"அம்மா, உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டான்" என்றார் அண்ணாச்சி.

"சிரமம் ஒண்ணுமில்ல. ஒரு நாள் கையை நக்கிட்டான். ஏழு தடவை கழுவினேன். அவ்வளவுதான்" என்றார் உம்மா.

தையல் பிரிந்துவிடாமல் நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொண்டு அண்ணாச்சி சிரித்தார்.