மால்டாவிலிருந்து சிசிலிக்கு

மத்தியதரைக்கடல் தீவுகளிடையே பாய்ப்படகொன்றை வாடகைக்கு அமர்த்தி, ஒரு வாரகாலம் விரும்பிய இடங்களில் நங்கூரமிட்டுச் சுற்றிவருவது மேலைநாட்டவர்களின் விடுமுறை வழக்கங்களில் ஒன்று. கோடீசுவரர்களுக்கே உரியது என்று நாம் எண்ணியிருந்த இந்த உல்லாசம், எட்டுப் பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதே என்பதை, லண்டனில் வாழும் என் சகோதரியின் மகன் அனுப்பிய மின்னஞ்சல்களிலிருந்து அறிந்துகொண்டேன். வருகிற ஜூன் மாதம் குடும்பமாகப் புறப்படுவது என்று அவன் தீர்மானித்துவிட்டான். "மாமா, நீங்களும் கட்டாயம் வாங்கோ. படகு ஓட்டுறது என்ர வேலை. எங்க போறது, என்ன பாக்கிறது எண்டு வாசிச்சுச் சொல்லுறது உங்கட வேலை" என்று எழுதியிருந்தான். வாசிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவனுக்கு இதைவிட இதமான அழைப்பு வேறென்ன இருக்க முடியும்? கடந்த சில மாதங்களாகக் கடல் வரைபடங்களோடும் காற்றுகளின் பெயர்களோடும் பொழுது போகின்றது.

இத்தகைய பயணத்தை எண்ணியிருக்கும் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், நான் அறிந்துகொண்டவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாடகைப் படகு இரண்டு விதமாகக் கிடைக்கும். மாலுமியோடு எடுப்பது ஒன்று. வெறும் படகை எடுத்து நாமே செலுத்துவது மற்றொன்று. இரண்டாவது வகைக்குத் தகுதிச் சான்றிதழ் தேவை. மருமகன் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கிறான். வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி அடுத்த சனிக்கிழமை காலையில் முடியும். வாடகைக்கு மேலாக ஒரு காப்புப்பணமும் கட்டவேண்டும். படகுக்குச் சேதம் ஏற்பட்டால் அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். எரிபொருள், துறைமுகக் கட்டணம், இறுதித் துப்புரவு என்பன தனிச்செலவுகள். குளிப்பதற்கும் சமைப்பதற்கும் படகின் தாங்கியிலுள்ள நன்னீரே கதி. ஆகவே தண்ணீரை அளந்து செலவிடப் பிள்ளைகளைப் பழக்கவேண்டும். எங்கள் ஊர்க் கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல; லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் புதிது.

இரட்டை உடல் கொண்ட படகையே எடுக்கப்போவதாக மருமகன் சொன்னான். அதிகம் சாயாது, வயதானவர்களுக்கு வசதி என்றான். அதன் பெயரை "கற்றமரான்" என்று அவன் ஆங்கில உச்சரிப்பில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கரைகளில் பிறந்த கட்டுமரம் என்ற சொல், உலகம் சுற்றி, வேறொரு படகின் பெயராக என் மருமகனின் வாயில் வந்து நிற்கிறது.

எந்தத் தீவுகள் என்பதே அடுத்த கேள்வி. கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் தீவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்ரெமி என்னும் காற்று புதியவர்களைத் துறைமுகத்திலேயே நாட்கணக்கில் முடக்கிவிடும். மேற்கிலுள்ள அயோனியன் தீவுகளில் காற்று மென்மையானது. பழகுபவர்களுக்கு ஏற்ற இடம். குரோஷியக் கரையோரத்தில் தீவுகள் நெருக்கமாக இருப்பதால் நீண்ட கடற்பரப்பைக் கடக்கவேண்டியதில்லை. சிசிலிக்கு வடக்கே லிப்பாரி, வல்கானோ, சலீனா, ஸ்ட்ரொம்போலி உள்ளிட்ட ஏழு ஏயோலியன் தீவுகள் உள்ளன. 2000ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. ஸ்ட்ரொம்போலியின் எரிமலை இரவில் செந்தணலை உமிழ்வதைப் படகிலிருந்தே காணலாம்.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். மருமகன் கடைசியில் தேர்ந்தெடுத்தது மால்டாவை. மால்டா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகளைச் சுற்றிய பிறகு, ஒருநாள் விடியற்காலையில் புறப்பட்டு வடகிழக்கே சிசிலியின் தென்கோடிக்குக் கடந்துசெல்வது. அங்கிருந்து பழைய கிரேக்க நகரான சிரக்கூசாவைப் பார்த்துத் திரும்புவது. வலெற்றாவிலிருந்து சிசிலியின் தென்கிழக்கு முனையான கப்போ பசேரோ வரை ஏறத்தாழ 55 கடல் மைல். மணிக்கு ஐந்தரைக் கடல் மைல் வேகத்தில் பத்து மணித்தியாலப் பயணம். கரை கண்ணுக்குத் தெரியாத கடலை ஒருமுறையேனும் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை.

அவனுடைய மகள் கேட்ட கேள்வியொன்றும் என்னை உற்சாகப்படுத்தியது. "தாத்தா, எங்கட ஆக்கள் முந்தி இப்பிடிப் பாய்க்கப்பலில போனவையோ?"

போனார்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். அமெரிக்கத் தலைவர் ஒருவருடன் வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்றார்கள். செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், ஜிப்ரால்ற்றர் எனக் கடந்து, அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 ஓகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். சோழகத்தையும் வாடையையும் கொண்டலையும் கணித்துப் பழகிய மனிதர்கள், பெயர் தெரியாத காற்றுகளிலும் பாய் விரித்தார்கள். நாங்கள் ஜூன் மாதத்தில் போகவிருக்கும் கடலின் நெடுக்கை அவர்கள் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அளந்துவிட்டார்கள். இதைச் சொன்னதும் பேத்தி தன் பாடசாலைக் கட்டுரைக்கு ஒரு தலைப்புக் கிடைத்ததென்று மகிழ்ந்தாள்.

மருமகன் அனுப்பிய வரைபடத்தில் மால்டாவுக்கும் கப்போ பசேரோவுக்கும் இடையே நீலநிறத்தில் ஒரு கோடு வரையப்பட்டிருந்தது. அந்தக் கோட்டின் வடமுனையில் போர்த்தோபாலோ என்ற மீன்பிடி ஊரின் பெயரைப் படித்ததும் என் கை நின்றுவிட்டது. அந்தப் பெயரை நான் முன்னரே அறிவேன்.

1996 டிசெம்பர் 25ஆம் திகதி இரவு, நத்தார் இரவு, யோகான் என்ற கப்பலிலிருந்து இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என முந்நூறுக்கும் மேற்பட்டோர் கொந்தளித்த கடலில் ஒரு சிறிய மரப்படகுக்கு மாற்றப்பட்டார்கள். அதன் நீளம் சுமார் 18 மீற்றர். இத்தாலியக் கரையில் இறக்குவதாக வாக்களிக்கப்பட்டு, பல ஆயிரம் டொலர் கட்டியவர்கள் அவர்கள். படகும் கப்பலும் மோதின. படகு மூழ்கியது. இறந்தவர்கள் குறைந்தது 283 பேர். போர்த்தோபாலோவிலிருந்து ஏறத்தாழ 19 கடல் மைல் தொலைவில் இது நடந்தது.

உயிர் தப்பியவர்களை அதே கப்பல் கிரேக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கியது. நடந்ததை அவர்கள் சொன்னார்கள். அதிகாரிகள் நம்பவில்லை, சடலங்கள் எங்கே என்று கேட்டார்கள். சடலங்கள் போர்த்தோபாலோ மீனவர்களின் வலைகளில் வந்துகொண்டிருந்தன. கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை, விசாரணையென்றால் தொழில் நாட்கள் வீண் என்று அஞ்சிய மீனவர்கள் அவற்றைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் மௌனம் காத்தது.

1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் செய்தி மேசையில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் சில வரிகள் வந்தன. உறுதிப்படுத்தப்படாதது என்ற குறிப்போடு. அதன்பின் அலுவலகத்துக்குப் பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். கையில் ஒரு புகைப்படம், கடைசியாக வந்த தொலைபேசி அழைப்பின் திகதி. மகன் ஏதேனும் ஒரு நாட்டுச் சிறையில் இருப்பானா என்று கேட்பார்கள். இருக்கலாம் என்று சொல்வோம். இல்லை என்று சொல்லுவதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. அக்காலத்தில் நம்பிக்கைக்கு எதிராக எழுதுவதற்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

ஆதாரம் 2001இல் கிடைத்தது. மீனவர் ஒருவர் தம் வலையில் வந்த ஆடையொன்றில் கண்ட அடையாள அட்டையை மறைக்காமல், லா ரிபப்ளிக்கா பத்திரிகையின் செய்தியாளர் ஜொவான்னி மரியா பெல்லுவிடம் ஒப்படைத்தார். அது பதினேழு வயதுத் தமிழ் இளைஞன் ஒருவனுடைய இலங்கை அடையாள அட்டை. அந்தப் பத்திரிகை நீர்மூழ்கி இயந்திரமொன்றை வாடகைக்கு அமர்த்தி, 108 மீற்றர் ஆழத்தில் கிடந்த படகைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியது. நான்கரை ஆண்டுகளாக இல்லையென்று சொல்லப்பட்டுவந்த விபத்து ஒரு சிறு அட்டையால் நிரூபணமானது. பத்திரிகைத் தொழிலில் என் காலத்தில் செய்யப்பட்ட மேலான பணிகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். படகு மட்டும் மேலே கொண்டுவரப்படவில்லை.

இந்த நினைவோடு மருமகனின் ஆயத்தப் பட்டியலை மறுபடியும் படித்தபோது ஒவ்வொரு வரியும் வேறு பொருள் தந்தது. படகில் ஏற்ற அனுமதிக்கப்பட்டோர் தொகை: பத்து, நாம் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி, பிள்ளைகளுக்கு அவர்களின் எடைக்கேற்ற அங்கி. ஊதி விரியும் உயிர்காப்புத் தெப்பம். அபாய ஒளிக்குறி. பதினாறாம் அலைவரிசையில் இயங்கும் வானொலி. பயணிகளின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் கொண்ட பட்டியல், துறைமுகத்தில் ஒரு பிரதி. காற்று குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் புறப்படக்கூடாது என்ற ஒப்பந்த வாசகம். கிரெகாலே என்னும் வடகீழ்க்காற்று மால்டாவை உலுக்கும் டிசெம்பரில் இப்பயணத்துக்கு எவரும் ஆயத்தப்படுவதில்லை.

இந்தப் பட்டியலில் உள்ளவற்றில் ஒன்றுகூட அந்த 283 பேருக்கு உரியதாக இருக்கவில்லை. குறிப்பாக அந்தப் பெயர்ப்பட்டியல். அது இருந்திருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வந்த தாய்மாருக்குப் பதில் சொல்லியிருக்கலாம். கடல் ஒன்றுதான். ஒரு கூட்டத்தாரை அது மூழ்கடித்ததற்கும் மற்றொரு கூட்டத்தாரை அது மகிழ்விப்பதற்கும் இடையில் இருப்பவை பருவம், கணக்கு, கடதாசி ஆகிய மூன்றுமே. எட்டுப் பேரில் விசா தேவைப்படுவது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கு மட்டும்தான். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கறிக்கை, தங்குமிடச் சான்று. தங்குமிடம் என்ற இடத்தில் படகு என்று எழுதலாமா என்பது பற்றி மாத்திரம் மருமகனும் நானும் மூன்று மின்னஞ்சல்கள் எழுதிக்கொண்டோம்.

இவற்றையெல்லாம் அவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீண்டநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப அயோனியன் பக்கம் மாத்துவமா மாமா? பிள்ளையளோட அந்த இடத்தால போறது சரியில்லைப் போல" என்றான். அவனுடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. விடுமுறையை ஈமச்சடங்காக்க எவரும் விரும்பமாட்டார்கள். ஆயினும் எங்கே போய் ஒதுங்குவது? லம்பெதூசாத் தீவருகே 2013 ஒக்ரோபர் 3ஆம் திகதி 360க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஏஜியன் கடலிலும் பல பெயரற்ற மரணங்கள். ஆளில்லாத கல்லறை இல்லாத ஒரு பக்கத்தை மத்தியதரையில் தேடுவது வீண் என்று சொன்னேன்.

அவனுடைய மனைவிதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "மாமா, நாங்கள் போகேக்க அப்பிடியொரு படகு எதிர்ப்பட்டால் என்ன செய்யிறது?" ஆபத்திலிருப்போருக்கு, தன் கலத்துக்கும் அதிலுள்ளோருக்கும் பேரிடர் நேராத வகையில் உதவவேண்டியது எந்தக் கப்பல் தலைவருக்கும் சர்வதேசச் சட்டம் விதித்த கடமை. பதினாறாம் அலைவரிசையில் அறிவித்து, மீட்பு நிலையத்துக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லி, கண்பார்வைக்குள் நிற்கவேண்டும். நெருங்கினால் எல்லோரும் ஒரே பக்கத்தில் பாய்ந்து ஏற முற்பட்டு இரு படகுகளும் கவிழக்கூடும். மருமகன் இதைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறான். ஆனால் அன்றுதான் குடும்பமாக இருந்து இதைப் பேசியிருக்கிறார்கள். மேலதிகமாக உயிர்காப்பு அங்கிகளும் குடிநீர்ப் போத்தல்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பாதை மாற்றப்படவில்லை. பிள்ளைகளுக்கு முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றும், அவ்விடத்தை அண்மிக்கையில் இயந்திரத்தை நிறுத்திப் பாயை இறக்கிச் சில நிமிடங்கள் இருந்துவிட்டுப் போவது என்றும் முடிவாகியிருக்கிறது. பேத்தி தன் கட்டுரையில் அன்னபூரணிக்குப் பிறகு இதையும் எழுதப்போவதாகச் சொல்கிறாள். எழுதட்டும். முதலாவதை மட்டும் எழுதினால் அது பெருமை பேசுவதாகிவிடும்; இரண்டாவதை மட்டும் எழுதினால் ஒப்பாரியாகிவிடும்.

இனி எஞ்சியிருப்பது என் விசா. விண்ணப்பம் கையளித்தாயிற்று. கிடைத்தால் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை வலெற்றாவில் படகேறுவேன். கிடைக்காவிட்டால் எட்டாவது கட்டிலில் சாமான்களை வைத்துக்கொள்ளும்படியும், வரைபடத்தில் நான் குறித்த இடத்தை மட்டும் தவறவிடவேண்டாம் என்றும் மருமகனுக்கு எழுதியிருக்கிறேன்.