முத்துநகரில் ஒரு வாடகைக் காரும் அம்மாவின் தோடும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது இது. அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் தூத்துக்குடி போயிருந்தேன். முத்துநகர் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கினதும் அரை நாளைக்கு ஒரு கார் பேசினோம். பழைய ஊரைச் சுத்திக் காட்டணும், அவ்வளவுதான். டிரைவருக்கு அம்பது வயசு இருக்கும். வாய் ஓயாத மனுஷன் (எனக்குத் தோதான ஆள்!).

முதல்ல பனிமய மாதா கோயில். மாதா சொரூபம் 1555ல மணிலாவிலேர்ந்து வந்ததாம். கோயில் 1713ல கட்டினது. அப்போ ஊர் யார் கையில தெரியுமோ? 1658ல போர்ச்சுகீசியர்கிட்டேர்ந்து பிடிச்ச டச்சுக்காரங்க கையில. அவங்க கத்தோலிக்கரே இல்லை! தங்களுக்குன்னு அவங்க 1750ல கட்டின சர்ச் கொஞ்ச தூரத்துலயே இருக்கு. அதையும் பார்த்தோம். ஆனா கூட்டமெல்லாம் மாதாகிட்டதான்.

அப்புறம் பழைய துறைமுகம். 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச வ.உ.சி.யோட ஊராச்சே, கொஞ்ச நேரம் சும்மா நின்னு கடலைப் பார்த்தோம். தோணியில மூட்டை ஏறிக்கிட்டிருந்தது.

அங்கேதான் அம்மா ஆரம்பிச்சாங்க. "தம்பி, இந்த ஊர் முத்து எந்தக் கடையில நல்லாயிருக்கும்?"

டிரைவர் சிரிச்சிட்டார். "இந்த ஊரு முத்தா? 61லயே முடிஞ்சு போச்சும்மா. கடையில இருக்கதெல்லாம் வெளியூரு சரக்கு. எங்கப்பா கடைசி முத்துக்குளிப்புல குளிச்சவரு. இருக்காரு, வாரியளா?"

உண்மைதான். 1955லேர்ந்து 61 வரைக்கும் நடந்ததுதான் நம்ம பக்கத்துல கடைசி முத்துக்குளிப்பு. அதுக்கப்புறம் பார்ல சிப்பி அந்த அளவுக்குச் சேரவேயில்லை. (கடலுக்கடியில சிப்பி விளையுற பாறைத் திட்டுக்குத்தான் பார்னு பேர்.) 1973ல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இங்கேயே வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினாங்க. அது வேற கதை.

கோயிலுக்குப் பின்னாடி சந்துல வீடு. பெரியவருக்கு எண்பத்தஞ்சுக்கு மேல. காது சுத்தமாக் கேக்கலை. "கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குவாவ. மூச்சு இருக்க வரைக்கும்தான் கணக்கு. முத்து போன பொறவு சங்கு குளிச்சாரு. தண்ணி அமுக்கி அமுக்கி ரெண்டு காதும் போச்சு"ன்னார் மகன். அள்ளுன சிப்பியில மூணுல ஒரு பங்குதான் குளிச்சவங்களுக்காம், மிச்சம் சர்க்காருக்கு. இவ்வளவு பேசியும் அந்த வீட்டுல ஒரு முத்து இல்லை.

பெரியவர் கண்ணு அம்மா காதுலயே இருந்தது. அம்மா போட்டிருந்தது முத்துத் தோடு. கல்யாணத்தப்போ அப்பாவைப் பெத்த ஆச்சி போட்டுவிட்டது. அசல் தூத்துக்குடி முத்துன்னு எங்க வீட்டுல அதுக்கு அவ்வளவு பெருமை. காட்டுங்கம்மான்னேன். அம்மா ஏனோ தயங்கினாங்க. "வேண்டாம்டா, நேரமாகுது."

நான்தான் விடலை. கழட்டி வாங்கிப் பெரியவர் கையில குடுத்தேன்.

ஒண்ணை எடுத்துப் பல்லுல லேசா உரசினார். முகம் மலர்ந்துடுச்சு. காது கேக்காததால சத்தமாத்தான் சொன்னார். "நறநறங்குது. கடல் முத்துதான் தாயி!" ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களை மறந்தே போயிட்டார்.

அடுத்தது ரெண்டாவது. உரசினார். இன்னொரு தடவை உரசினார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. பெரியவர் ஒண்ணும் சொல்லலை. ரெண்டையும் சேர்த்து அம்மா உள்ளங்கையில வச்சு மூடிட்டார்.

கார்ல அம்மா பேசவேயில்லை. மக்ரூன் கடையில வண்டி நின்னப்போ கால் கிலோ சொன்னாங்க. ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, டிரைவர் சில்லறை வாங்கப் போன நேரமாப் பார்த்து மெதுவாச் சொன்னாங்க.

"78ல சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல ஒண்ணு தொலைஞ்சு போச்சுடா. மதுரையில அஞ்சு ரூபாய்க்கு அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் கோத்துக்கிட்டேன். உங்க ஆச்சிக்குத் தெரியாது. உங்கப்பாகிட்டயும் கடைசி வரைக்கும் சொல்லலை."

ஊருக்கு வந்தும் தோட்டைக் கழட்டலை. எது ஆச்சியோடதுன்னு எனக்கு இன்னும் கண்டுபிடிக்கத் தெரியலைங்க :-)